கருப்பொருள் கேட்டேன், தினையும் கிளியும் வந்தன

பின்னேரம் மண்டூர்ப் பக்கம் பாதைக்குக் காத்திருக்கிற நேரத்தில் விடைத்தாள் திருத்துவது என் பழக்கம். (வெளியூர்க்காரருக்கு: பாதை என்று நாங்கள் சொல்வது மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவையை. மனிதர், மோட்டார் சைக்கிள், அரிசி மூடை எல்லாம் அதில்தான் குருமண்வெளிக்குப் போகும்.) காற்றடித்தால் தாள் பறக்கும். அதனால் சாப்பாட்டுப் பெட்டியை மேலே வைத்துக்கொள்வேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய காலம் அது. ஒரு தாளைப் பிரித்தால் இப்படி எழுதியிருந்தது:

"தெய்வம் - முருகன். உணவு - தினை. பறவை - கிளி, மயில். மரம் - வேங்கை. பறை - தொண்டகம்."

நான் கேட்ட கேள்வி, "இச்செய்யுளின் கருப்பொருளைக் குறிப்பிடுக" என்பது. செய்யுள், குறுந்தொகையின் 40ஆம் பாட்டு. "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று தொடங்கி, செம்மண்ணில் பெய்த மழைநீர் போல இரண்டு நெஞ்சம் கலந்துபோனதைச் சொல்லுகிற ஐந்து அடி. அதில் முருகனும் இல்லை, தினையும் இல்லை, கிளியும் இல்லை. பிள்ளை பாட்டைப் பார்த்து எழுதவில்லை. "திணை குறிஞ்சி" என்பதைப் பார்த்துவிட்டுக் குறிஞ்சிக்குரிய அட்டவணையை அப்படியே இறக்கிவிட்டான். சிவப்புப் பேனாவால் பெரிய பூச்சியம் போட்டேன். அடுத்த தாளிலும் தினை, அதற்கடுத்ததிலும் தினை. பதினொராவது தாளில்தான் எனக்கு உறைத்தது, பிழை விட்டது யார் என்று.

"தெய்வம் உணாவே மாமரம் புட்பறை" என்று தொல்காப்பியம் சொல்லுகிற, ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளை அவர்களுக்குப் போன தவணையில் படிப்பித்ததே நான்தான். முதல், கரு, உரி என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டுக் காட்டியதும் நான்தான். அதே சொல்லை இந்தத் தவணை "மையக் கருத்து" என்ற வேறு அர்த்தத்தில் கேட்டுவிட்டு அவர்களுக்குப் பூச்சியம் போட்டால் அது என்ன நியாயம்? ஒரேயொரு பிள்ளை "கருப்பொருள்: செம்மண், மழை" என்று எழுதியிருந்தாள். பாட்டில் உள்ளதை மட்டும் பார்த்து எழுதிய ஒரே ஆள் அவள். அவளுக்கும் நான் பூச்சியம்தான் போட்டிருந்தேன். பாதை கரையை விட்டு வெளிக்கிட்ட பிறகும் ஒவ்வொரு பூச்சியமாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து வினாத்தாளில் அந்தச் சொல்லை எழுதுவதில்லை. "தொனிப்பொருள்" போட்டுப் பார்த்தேன். எங்கள் நாட்டில் அந்தச் சொல் பதாகையில்தான் வாழ்கிறது. ஆசிரியர் தினத்துக்கும் சுற்றாடல் தினத்துக்கும் ஆளுக்கொரு தொனிப்பொருள் வரும் என்பதால் பிள்ளைகள் கோஷம் எழுதினார்கள். "அன்பை விதைப்போம், உலகை வெல்வோம்" என்று ஒரு விடை, ஆச்சரியக்குறியோடு. "பாடுபொருள்" ஓரளவு நல்ல சொல். ஆனால் அதற்கு "காதல்", "போர்", "வறுமை" என்று ஒற்றைச் சொல்லில் விடை வந்து நின்றுவிடும். கடைசியில் சொல்லையே விட்டுவிட்டுக் கேள்வியாகவே எழுதினேன்: "இந்தப் பாட்டு மனிதரைப் பற்றி என்ன சொல்லுகிறது? ஒரு முழு வசனத்தில் எழுதுக." இன்றுவரை இந்த வினா என்னைக் கைவிட்டதில்லை. கலைச்சொல் தெரியுமா என்று பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறொரு கேள்வி வைக்கலாம்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது, ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. வகுப்பில் படித்த பாடத்தையே பரீட்சைக்கும் போட்டேன். எல்லாரும் நல்ல புள்ளி. அதிபர் சந்தோஷப்பட்டார், நானும்தான். விடுமுறையில் அந்தத் தாள்களை அடுக்கி வைக்கும்போது பார்த்தால், பாதிப் பேர் ஒரே வசனம் எழுதியிருந்தார்கள். "வாழ்வின் நிலையாமையை இக்கவிதை தத்ரூபமாகச் சித்திரிக்கின்றது." அந்தத் "தத்ரூபம்" எல்லாத் தாளிலும் ஒரே மாதிரிப் பிழையான எழுத்தோடு இருந்தது. ரியூசன் குறிப்பில் போட்டோகொப்பி மங்கியிருந்திருக்கும் போல. நான் சோதித்தது பிள்ளைகளின் வாசிப்பை அல்ல, அந்தக் குறிப்பு எழுதியவரின் வாசிப்பை. அவருக்குப் புள்ளி 9.

குறிப்பைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயல்வாடியில் தகப்பனோடு நின்றுவிட்டுப் பள்ளிக்கு இரண்டு கிழமை பிந்தி வருகிற பிள்ளைக்கு அந்தக் குறிப்புத்தான் கைகொடுக்கிறது. ஆனால் ஒரு கவிதை உலகத்துக்குப் பொதுவாக என்ன சொல்லுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமென்றால், அவர்கள் முன்பு கண்டிராத ஒன்றைத்தான் வைக்க வேண்டும். காணாத செய்யுள், அல்லது காணாத ஒரு சிறு கதைத்துண்டு. இதில் பேச்சுக்கே இடமில்லை என்பது என் கட்சி.

காணாததை வைத்தபோது வேறு கூத்து நடந்தது. புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் போட்டேன். மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற பிறகு, அவன் பெண்மக்கள் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம், எம்குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றுஎறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

எளிமையான பாட்டு, சொற்பொருள் தேவையில்லை என்று நினைத்தேன். ஒரு மகன் நீளமாக எழுதியிருந்தான்: போன திங்கட்கிழமை இரவு தகப்பன் இருந்தார், இந்தத் திங்கட்கிழமை இரவு இல்லை, ஒரு கிழமைக்குள் எல்லாம் போய்விட்டது என்று. சிரித்தேன். பிறகு யோசித்தால், மாதத்தைக் கிழமையாக்கிவிட்டானே தவிர, பாட்டின் உள்ளே அவன் சரியாகத்தான் போயிருக்கிறான். வெள்ளை நிலவு இரண்டு தரம் வருவதையும் கண்டிருக்கிறான். சொல் தெரியாததற்காக அவனைத் தண்டித்தால் அது சொல்வளப் பரீட்சை. இப்போது காணாத செய்யுளின் கீழே அருஞ்சொல் பொருள் தாராளமாகக் கொடுக்கிறேன்: அற்றை - அன்றைய, இற்றை - இன்றைய, திங்கள் - மாதம், எந்தை - எம் தந்தை. "சுலபமாக்கிட்டீங்க" என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

இன்னொரு வகை விடை வந்தது, கெட்டிக்காரப் பிள்ளைகளிடமிருந்து: "துறை - கையறுநிலை." அவ்வளவுதான். இறந்தவரை நினைத்துப் புலம்புகிற பாட்டுக்கு அதுதான் பெயர். சரியான விடை, ஆனால் அது பெட்டியின் மேலே ஒட்டிய பெயர். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் திறக்கத் தெரியாது. வகைப்பெயர் தெரிந்த பிள்ளை பாட்டை வாசிக்காமலே தப்பிவிடும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். இப்போது திணையையும் துறையையும் வினாத்தாளிலேயே நான் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

மூன்றாவது வகை, நீதி சொல்லும் விடை. "போர் செய்யக் கூடாது." "பெற்றோரை மதிக்க வேண்டும்." பாரி மகளிர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அவர்கள் நிலவைப் பார்த்து இரண்டு வசனம் சொன்னார்கள், அவ்வளவுதான். சின்ன வகுப்பிலிருந்து "இக்கதையால் நாம் அறிவது யாது?" என்று கேட்டுக் கேட்டுப் பழக்கியது நாங்கள். தரம் 10இல் வந்து அதை உதறு என்றால் பிள்ளை எங்கே போகும்?

இதற்கு நான் கையாளுகிற வழி ஒன்று உண்டு. வகுப்பில் மூன்று கேள்வியைப் படியாக வைக்கிறேன். இது எதைப் பற்றி? ஒரு சொல் போதும்: இழப்பு. இழப்பைப் பற்றி என்ன? இங்கேதான் பிள்ளை திணறும், திணறட்டும், நான் பேசாமல் நிற்பேன். பிறகு, எந்த அடி அப்படிச் சொல்ல வைக்கிறது? இரண்டாவது கேள்விக்கு வருகிற வசனத்தை ஒரு சோதனைக்கு உட்படுத்துவோம். "இதை ஆரும் மறுத்துப் பேசலாமா?" மறுக்கவே முடியாத வசனம் என்றால், "இழப்பு துன்பம் தரும்" மாதிரி, அது பாட்டிலிருந்து வந்ததில்லை, முன்பே சட்டைப்பையில் இருந்தது. "சுற்றியிருப்பது ஒன்றும் மாறாமல் கிடந்தால் இழப்பு இன்னும் கூடுதலாகக் குத்தும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், இன்னொரு பிள்ளை எழும்பி, "இல்ல டீச்சர், அதே நிலவுதான் ஆறுதலும் தரும்" என்று சண்டைக்கு வரலாம். சண்டை வந்தால் நாங்கள் பாட்டுக்குள் இருக்கிறோம் என்று அர்த்தம். இருவரும் அடியைக் காட்டித்தான் வெல்ல வேண்டும்.

பல்தேர்வு வினாவாக இதைச் சோதிக்கலாமா என்றால், கூடும், ஆனால் கையைச் சுடும். குந்தி கர்ணனிடம் வந்து தான் தாய் என்று சொல்லித் தம்பியரோடு சேர்ந்துகொள் என்று கேட்கிற இடத்தை ஒரு பந்தி உரைநடையாக எழுதி, கீழே நட்பு, தாய்ப்பாசம், செய்ந்நன்றி, வீரம் என்று நான்கு தெரிவு வைத்தேன். என் விடை செய்ந்நன்றி. ஒரு மகன் தாய்ப்பாசத்துக்குக் கீறிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தான்: "போகாம விட்டது துரியோதனனுக்காக. ஆனா அவட வரத்தையும் குடுத்தான். நாகாஸ்திரத்தை ரெண்டாந்தரம் விடமாட்டன் எண்டு குடுத்த வாக்காலதான் செத்தவன்."

யாரடா இவன் என்று விசாரித்தால், தாத்தா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். வடமோடிக் கூத்தில் கர்ணன் ஆடுவதைக் களரியில் விடியவிடியப் பார்த்து வளர்ந்த பிள்ளை. நான் எழுதிய ஒரு பந்தியை அவன் முழுக் கதையாக வாசித்துவிட்டான். அவனுக்குப் புள்ளி கொடுப்பதா? பந்தியில் வரம் வரவில்லை, ஆகவே பந்தியை மட்டும் வைத்துப் பார்த்தால் அவன் விடை பிழை. கதையை வைத்துப் பார்த்தால் என் விடைதான் அரைகுறை. கொடுத்தேன். கொடுத்துவிட்டு, எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த கதையைக் "காணாத பகுதி" என்று வைக்கக் கூடாது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். மட்டக்களப்பில் பாரதக் கதை ஒன்றும் காணாதது கிடையாது.

அடுத்த தரம் ஒற்றைச் சொல் தெரிவுகளை விட்டு, நான்கையும் முழு வசனமாக எழுதினேன், பாரி மகளிர் பாட்டுக்கே. "போர் எல்லாருக்கும் அழிவு தரும்" என்று ஒன்று. "தாய் தந்தை இல்லாத பிள்ளைகள் துன்பப்படுவர்" என்று ஒன்று. "கொடையாளிகளுக்குப் பகைவர் கூடுவர்" என்று ஒன்று. நான் விரும்பிய விடை: "இயற்கை மாறாமல் இருக்க மனிதரின் நிலை மாறிப்போகிறது, அந்த மாறாமையே இழப்பை மேலும் உணர்த்துகிறது." வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சரி. மகிழ்ச்சியில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "நீளமா இருந்திச்சி டீச்சர்" என்றாள். நான்கு தெரிவையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் எழுத இப்போது பாடுபடுகிறேன். நான்கும் உலகத்தில் உண்மையாக இருக்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும்தான் இந்தப் பாட்டில் சாட்சி இருக்க வேண்டும். அப்படி ஒரு வினா எழுத எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போகும். தவணைக்கு இரண்டுக்கு மேல் எழுத முடிவதில்லை.

"உலகப் பொது" என்பதற்கு வருகிறேன். அதைக் கேட்டவுடன் பிள்ளைகள் எடுத்து வீசுவது "யாதும் ஊரே யாவரும் கேளிர்". எந்தப் பாட்டுக்கும், எந்தக் கதைக்கும். நல்ல அடியை நாங்கள் அலங்காரத் துணியாக்கிவிட்டோம். இப்போது வினாவிலேயே "புறநானூறு 192ஐ மேற்கோள் காட்ட வேண்டாம்" என்று போடுகிறேன். கணியன் பூங்குன்றனார் மன்னிப்பார்.

ஒரு கருத்து உலகத்துக்குப் பொதுவானதா என்று ஒற்றைப் பாட்டை வைத்துக் கேட்க முடியாது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. ஒரு பாட்டு ஒரு ஊரிலிருந்து பேசுகிறது. பொது என்று சொல்ல இரண்டாவது ஊர் வேண்டும், கூடுமானவரை முதலாவதை அறியாத ஊர். இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள் 1926இலேயே மதங்க சூளாமணி என்ற நூலில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துத் தமிழ் நாடக மரபுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர். எங்கள் மண்ணின் ஆள் செய்த வேலையை நான் ஒரு நாற்பது நிமிடப் பாடவேளையில் சின்னதாகச் செய்து பார்த்தேன், அவ்வளவுதான்.

வைகாசி மாதம். சுற்றுவட்டாரமெல்லாம் கண்ணகி அம்மன் சடங்கு. பிள்ளைகள் சடங்கின் கடைசியில் வருகிற குளுத்தி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்திருந்தார்கள். கண்ணகி வழக்குரைக் காவியம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிலம்பு உடைத்த கதையை நான் சொல்லத் தேவையில்லை, அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். பிறகு நான் ஊரும் பெயரும் சொல்லாமல் இன்னொரு கதை சொன்னேன். ஒரு ராசா. அவனுடைய மருமக்கள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று சண்டையிட்டு இருவரும் செத்துப்போனார்கள். ஒருவனுக்கு மரியாதையோடு அடக்கம். மற்றவன் துரோகி, அவன் உடம்பை நாயும் கழுகும் தின்னட்டும், யாராவது மண் போட்டால் மரணம் என்று கட்டளை. தங்கச்சிக்காரி போய் மண் போட்டாள். பிடிபட்டாள். "உன் கட்டளை எனக்குத் தெரியும், அதைவிடப் பெரிய கட்டளை ஒன்று இருக்கிறது" என்ற மாதிரி ராசாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவளை உயிரோடு கல்குகையில் அடைத்தான். மனம் மாறித் திறக்கப் போகையில் காலம் கடந்துவிட்டது. ராசாவின் மகனும் மனைவியும் கூடப் போய்விட்டார்கள்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் சோபக்கிளிஸ் எழுதிய அன்டிகனி நாடகம் என்று கடைசியில்தான் சொன்னேன். அதற்கு முன் வகுப்பு சூடேறிவிட்டது.

"ராசா பிழை விட்டா ஆரு கேக்கிற?" என்றான் பின் வாங்கில் இருந்த மகன்.

"ஆரு கேட்ட?"

"ரெண்டு கதையிலயும் பொம்பிள."

"எந்தப் பொம்பிள?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "செத்தவனுக்குச் சொந்தக்காரி" என்றான்.

அண்ணாவியார் வீட்டு மகன் விடவில்லை. "ஒண்டில்ல டீச்சர். எங்கட அம்மன் கேட்டவுடன பாண்டியன் தன்ட பிழைய ஒத்துக்கிட்டு அந்த இடத்திலயே செத்துப் போனான். இந்த ராசா ஒத்துக்க நாளெடுத்தான். அம்மன் ஊரை எரிச்சா, இவ எரிக்கல்ல." வேறுபாட்டைச் சொன்னவன்தான் பொதுவை இன்னும் கூர்மையாக்கினான். "ஒத்துக்கொள்ளுகிற ராசாவுக்கும் பிந்தித்தான் தெரியுது" என்று இன்னொரு பிள்ளை முடித்தாள். ஒரு பாடவேளையில் கரும்பலகையில் வந்து நின்ற வசனம் இது: "அதிகாரத்தின் பிழையை முதலில் காண்பது அந்தப் பிழையால் இழந்தவர்; கடைசியில் காண்பது அதிகாரம்." இதில் என் சொல் இரண்டு மூன்றுதான், மிச்சம் அவர்களுடையது.

அந்த நாளில் இன்னொன்றும் நடந்தது. உடம்பை வெளியில் போட்டுவிட்டார்கள் என்று நான் சொன்ன இடத்தில், முன் வாங்கில் ஒரு மகள், "இவங்க உடம்பு எங்க கிடக்கெண்டாவது சொன்னாங்க" என்று மெல்லச் சொன்னாள். பிறகு மணியடிக்கும்வரை பேசவில்லை. அவளுடைய மாமாவைப் பற்றி எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் பிறக்க முன்பே வீட்டை விட்டுப் போனவர். அம்மம்மா இன்னும் படத்துக்கு மாலை போடவிடவில்லையாம். நல்ல பனுவல் தேடுகிற ஆர்வத்தில் என் முன்னால் இருக்கிறவர்களை நான் பார்க்காமல் விட்டேன். அன்டிகனியை நான் கைவிடவில்லை, ஆனால் பரீட்சைத் தாளில் வைப்பதில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, தனியே, ஒரு பிள்ளை அந்தக் கதையோடு போராடக் கூடாது. வகுப்பில், முதல் நாளே "நாளைக்கு அடக்கம் செய்யாத உடம்பு ஒன்றைப் பற்றிய கதை வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். பரீட்சையில் எப்போதும் இரண்டு சோடிப் பனுவல் வைத்து, விரும்பியதைத் தெரிவுசெய் என்கிறேன். ஒரு சோடி சாவு பற்றியதாக இருந்தால் மற்றது நிச்சயமாகச் சாவு பற்றியதல்ல.

புள்ளித்திட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் ஆட்கள் அதிகம் கேட்கிறார்கள். இப்போது 10 புள்ளியை இப்படிப் பிரிக்கிறேன்: மனிதரைப் பற்றிய முழு வசனத்துக்கு 3, அதைத் தாங்குகிற அடிகளை எடுத்துக்காட்டி விளக்குவதற்கு 4, அதே கருத்து வேறோர் இடத்தில், மற்றப் பனுவலிலோ வாழ்விலோ, எப்படி வருகிறது என்பதற்கு 3. அடிக்குத்தான் அதிகம் வைத்திருக்கிறேன். வசனம் நன்றாக இருந்தால் ஆசிரியர் மயங்கிவிடுவார், நானே மயங்கியிருக்கிறேன். விடை நான் எதிர்பார்த்த கருத்தோடு ஒத்துப்போகிறதா என்பதற்குப் புள்ளியே இல்லை. புள்ளித்திட்டத்தில் "எதிர்பார்க்கப்படும் விடை" என்று ஒரு கருத்தை மட்டும் எழுதிவைத்தால், இரண்டாவதாகத் திருத்துகிறவர் அதற்கு அப்பால் பார்க்கமாட்டார். நான் மூன்று நான்கு ஏற்கத்தக்க விடைகளையும், ஏற்கமுடியாத இரண்டையும், ஏன் முடியாது என்பதையும் எழுதி ஒட்டுகிறேன். புள்ளித்திட்டத்தைப் பிள்ளைகளுக்கும் பரீட்சைக்கு முன்பே காட்டிவிடுகிறேன். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஒரு தாளை இருவர் திருத்துவது சிறிய பாடசாலையில் ஆடம்பரம்தான். ஆனாலும் பக்கத்து வகுப்பு ஆசிரியரை ஒரு தேத்தண்ணிக்கு மடக்கி, தவணைக்கு பத்துத் தாளாவது அவரும் தனியே திருத்தித் தரச் சொல்லுகிறேன். என் புள்ளியைக் காட்டமாட்டேன். முதல் தரம் பத்தில் ஆறு தாளுக்கு இரண்டு புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தது. அவர் கையெழுத்துக்கும் பந்தி பிரிப்புக்கும் இரக்கப்பட்டிருந்தார், நான் புதுமையான கருத்துக்கு. போன தவணை இரண்டு தாள்தான் மாறியது. அதில் ஒன்று, வகுப்பில் வாயே திறக்காத ஒரு மகளுடையது.

தரம் 11க்கு வந்த புதுப் பிள்ளைகளுக்குப் பாரி மகளிர் பாட்டையே மறுபடி வைத்திருந்தேன். அந்தக் குழுவுக்கு அது காணாத செய்யுள். அவள் எழுதியது:

"இழந்தவர்களுக்கு நாள்கணக்கு இழந்த அன்றிலிருந்துதான் தொடங்கும். எங்கள் அம்மம்மா எதைச் சொன்னாலும் சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி என்றுதான் சொல்லுவா. அம்மாவின் கலியாணம் எந்த வருஷம் என்று கேட்டாலும் சூறாவளிக்குப் பிந்தி இத்தனை வருஷம் என்பா. கரையில் இருக்கிற மாமி சுனாமிக்கு முந்தி என்பா. எங்கள் ஊரில் ஒருவரும் வருஷத்தை நம்பரால் சொல்லுவதில்லை."

1978 கார்த்திகை (நவம்பர்) 23ஆம் திகதிச் சூறாவளி. நானும் கைக்குழந்தையாக இருந்த காலம். என் வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவார்கள், நான் ஒருநாளும் அதைப் பாட்டோடு சேர்த்துப் பார்த்ததில்லை. 8 போட்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் 6 போட்டிருந்தார்.

"வசனத்துக்கு மூண்டு, அம்மம்மாவுக்கு மூண்டு. அடி எங்க?" என்றார். "நாலு புள்ளி அடிக்கு எண்டு திட்டத்தில எழுதினது நீங்க. ஒரு அடி கூட எடுத்துக் காட்டல்ல. நல்லா எழுதியிருக்கா எண்டு நீங்க கவிதைக்குப் புள்ளி போட்டிருக்கீங்க."

பதில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தாளை இன்னொரு தரம் வாசித்தேன். நிலவு கூட இல்லை. 6 என்று திருத்தினேன்.

தாள் கொடுத்த அன்று அவள் புள்ளியைப் பார்த்தாள், பிறகு வினாத்தாளை எடுத்துப் பாட்டை வாசித்தாள், விரலை முதலாவது அடியிலும் மூன்றாவது அடியிலும் வைத்தாள்.

"டீச்சர், அற்றை, இற்றை எண்டு ரெண்டையும் எழுத மறந்திட்டன். அதுதானே முந்தி, பிந்தி?"

"ஓம் மகள்" என்றேன்.

"இப்ப எழுதினா நாலு தருவீங்களா?"

"மாட்டன்."

சிரித்துவிட்டுப் போய் இருந்து, பென்சிலால் அந்த இரண்டு அடியையும் விடையின் கீழே எழுதிக்கொண்டாள்.